என்.டி.ஐ.எஸ். பிளானில் மாற்றம் வேண்டுமா? எதை, எப்போது, எந்த ஆதாரத்தோடு கேட்பது

ஆஸ்திரேலியாவில் என்.டி.ஐ.எஸ். (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டம்) பிளான், அதாவது உதவிகளுக்கான நிதி ஒதுக்கீடு, வைத்திருக்கும் வீடுகளில், பிளான் முடியும்வரை நிலைமை மாறாமல் இருப்பது அபூர்வம். பேரனைக் காலையில் குளிப்பாட்டி, உடுத்தி, பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த பாட்டி விசா முடிந்து ஊர் திரும்புவார். மகளுக்கு வலிப்பு இரவிலும் வரத் தொடங்கும். வீல்சேர் சிறியதாகிவிடும். அம்மாவுக்கே முதுகு பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்க முடியாமல் போகும். அப்போது பார்த்தால் பிளானில் இருக்கும் பணம் போதாது, அல்லது இருக்கும் பணம் தேவையில்லாத பிரிவில் கிடக்கும்.

மாற்றம் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் தகுதி இருந்தும் தள்ளுபடியாகும் கோரிக்கைகள் ஏராளம். காரணம் பெரும்பாலும் இரண்டு: தவறான வழியில் கேட்டது, அல்லது என்ன மாறியது என்பதைச் சொல்லாமல் என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னது. "பணம் போதவில்லை" என்பதை மட்டும் வைத்து பட்ஜெட் உயராது. "மார்ச் வரை இந்த வேலையை இவர் செய்தார், ஏப்ரலிலிருந்து செய்ய ஆளில்லை, அதற்கு வாரம் இத்தனை மணி நேரம் தேவை, இதோ ஆதாரம்" என்று சொன்னால் அதற்கு எடை உண்டு.

முதலில், கேட்கத்தான் வேண்டுமா?

பிளானை எடுத்து வைத்துக்கொண்டு, தேவையான மாற்றத்தைக் கையிலிருக்கும் பட்ஜெட்டுக்குள்ளேயே செய்ய முடியுமா என்று பாருங்கள். கோர் பட்ஜெட்டில் அன்றாட வாழ்க்கை உதவி, சமூகத்தில் பங்கெடுக்கும் உதவி, கன்ஸ்யூமபிள்ஸ் (பயன்படுத்தித் தீரும் பொருள்கள்) ஆகியவற்றுக்கு இடையே பொதுவாகப் பணத்தை மாற்றிச் செலவழிக்கலாம். வெளியே அழைத்துப் போவதற்கு ஒதுக்கிய பணம் மிஞ்சியிருந்தால் காலை நேரக் குளியல் உதவிக்கு அதைப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிளானில் 'ஸ்டேட்டட்' என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் அந்தப் பணம் அதற்கே உரியது, வேறெதற்கும் தொடக்கூடாது.

திறன் வளர்க்கும் உதவிகளுக்கான கெபாசிட்டி பில்டிங் பட்ஜெட்டில் இந்த வசதி கிடையாது. தெரபிக்கு ஒதுக்கிய பணம் தெரபிக்கு, சப்போர்ட் கோஆர்டினேஷனுக்கு (உதவிகளை ஒருங்கிணைத்துக் கொடுப்பவருக்கு) ஒதுக்கியது அதற்கு. கருவிகளுக்கும் வீட்டு மாற்றங்களுக்குமான கேப்பிட்டல் பட்ஜெட்டும் அப்படித்தான்: வீல்சேருக்கு என்று வந்த பணத்தில் குளியலறைக் கைப்பிடி போட முடியாது. தெரபிப் பணம் 4,000 டாலர் மிச்சம் இருக்கிறதே, அதை சப்போர்ட் வொர்க்கருக்கு (நேரில் வந்து உதவும் பணியாளருக்கு) திருப்பலாமே என்று நினைத்துச் செலவழித்துவிட்டு, பிறகு இன்வாய்ஸ் திரும்பி வந்து, அந்தக் கடனைத் தன் கையிலிருந்து அடைக்கும் நிலை வந்துவிடக்கூடாது.

சிறு கருவிகளுக்கும் பெரும்பாலும் மாற்றம் கேட்க வேண்டாம். 1,500 டாலருக்குக் கீழ் விலையுள்ள உதவிக் கருவிகளை, அதற்கான பணம் பிளானில் இருந்தால், கோட்டேஷன் இல்லாமலே வாங்கலாம். தவறாகப் பொருத்தினால் காயம்படக்கூடிய கருவி என்றால் தெரபிஸ்டிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 15,000 டாலரைத் தாண்டினால் தெரபிஸ்டின் மதிப்பீடும் கோட்டேஷனும் கட்டாயம்.

அடுத்தது கணக்கு. 2025 மே 19 முதல் புதிதாக வரும் பிளான்களில் பணம் ஒரேயடியாகத் திறக்காது, தவணை தவணையாகத்தான் திறக்கும். கோர், கெபாசிட்டி பில்டிங் இரண்டும் பெரும்பாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை. வீட்டிலேயே முழுநேர உதவி பெறுபவர்களுக்குப் பெரும்பாலும் மாதாமாதம். கருவிகளுக்கும் வீட்டு மாற்றங்களுக்கும் ஆரம்பத்திலேயே மொத்தமாக. ஒரு தவணையில் மிஞ்சியது அதே பிளானின் அடுத்த தவணைக்குப் போகும். பிளான் மாறினால் பழைய பிளானின் மிச்சம் புதியதற்கு வராது.

ஓர் உதாரணம். கோர் பட்ஜெட் வருடத்துக்கு 42,000 டாலர். 3 மாதத் தவணைக்கு 10,500. அதை 13 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 808 டாலர். சப்போர்ட் வொர்க்கருக்கு வார நாள் பகலில் மணிக்கு 70 டாலர் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 11.5 மணி நேரம். பாட்டி ஊருக்குப் போன பிறகு தேவை 16 மணி நேரமாக உயர்ந்தால் வாரச் செலவு 1,120 டாலர். 10,500 டாலர் பத்தாவது வாரத்தின் நடுவிலேயே தீர்ந்துவிடும், அடுத்த தவணை திறக்க இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கட்டணம் கணிசமாகக் கூடுதல் என்பதால் இன்னும் சீக்கிரமே தீரும். விலை வரம்புகள் பொதுவாக ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று புதுப்பிக்கப்படுவதால், கணக்குப் போடும்போது நடப்பு ஆண்டின் வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை இப்போதே போட்டு வையுங்கள். பணம் தீர்ந்த பிறகு ஓடுவதைவிட, "இந்தத் தேதியில் தீரும்" என்று ஒன்பது வாரம் முன்னதாகச் சொல்லும் கோரிக்கையை திட்டத்தை நடத்தும் அரசு முகமையான என்.டி.ஐ.ஏ. வேறு மாதிரிதான் பார்க்கும்.

மூன்று வழிகள், மூன்று காரணங்கள்

இந்த இடத்தில்தான் பல மாதங்கள் வீணாகின்றன.

*பிளான் வேரியேஷன்.* இருக்கும் பிளானை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது. என்.டி.ஐ.எஸ். சட்டத்தின் 47ஏ பிரிவு. கேட்டிருந்த கோட்டேஷன் வந்துவிட்டது, பிளானில் எழுத்துப் பிழை அல்லது கணக்குப் பிழை, பணத்தை நிர்வகிக்கும் முறையை மாற்ற வேண்டும், ரீஅசெஸ்மென்ட் தேதியை (பிளானை மறுபடி முழுதாகப் பார்க்கும் தேதியை) தள்ள வேண்டும், தவணைக் காலத்தை மாற்ற வேண்டும், திடீர் நெருக்கடியில் உதவியைக் கூட்ட வேண்டும், சிறு அளவில் பட்ஜெட்டைக் கூட்ட வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் இது பொருந்தும்.

*பிளான் ரீஅசெஸ்மென்ட்.* பழைய பிளானை மூடிவிட்டு முழுவதையும் புதிதாகப் போடுவது. 48-ஆம் பிரிவு. தேவையே பெரிய அளவில் மாறிவிட்டது, நோயின் போக்கு மாறிவிட்டது, பள்ளி முடித்து வேலைக்குப் போகும் கட்டம், பெற்றோர் வீட்டிலிருந்து தனி வீட்டுக்கு மாறுவது போன்றவற்றுக்கு இது.

*இன்டர்னல் ரிவியூ.* நிலைமை ஒன்றும் மாறவில்லை, ஆனால் கொடுத்த முடிவே தவறு, அதை மறுபடி பாருங்கள் என்று என்.டி.ஐ.ஏ.விடமே கேட்பது. 100-ஆம் பிரிவு. முடிவு எழுத்தில் கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: பிளான் கைக்கு வந்த பிறகு ஏதாவது மாறியதா? மாறியிருந்தால் முதல் இரண்டில் ஒன்று. மாறவில்லை, அன்றைக்கே குறைவாகத்தான் கொடுத்தார்கள் என்றால் மூன்றாவது. புதிய பிளானில் தெரபிப் பணத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு "நிலைமை மாற்றம்" படிவத்தை நிரப்பினால், "நிலைமை எதுவும் மாறவில்லையே" என்று பதில் வரும். அந்தப் பதில் வந்து சேர்வதற்குள் ரிவியூ கேட்கும் 3 மாதமும் ஓடிப்போயிருக்கும். இதைவிட வருத்தமான இழப்பு இந்த முறையில் வேறில்லை. சந்தேகம் இருந்தால் 3 மாதம் முடியுமுன் இன்டர்னல் ரிவியூவைப் பதிவு செய்துவிடுங்கள்; புதிய ஆதாரத்தைப் பின்னால் அனுப்பலாம்.

வேரியேஷனா ரீஅசெஸ்மென்டா என்பதை நீங்கள் கேட்கலாம், ஆனால் தீர்மானிப்பது என்.டி.ஐ.ஏ. சிறு மாற்றம் கேட்டவருக்கு முழு ரீஅசெஸ்மென்ட் நடப்பது உண்டு. முழு ரீஅசெஸ்மென்டில் எல்லாப் பிரிவுகளும் மீண்டும் எடைபோடப்படும்; கேட்ட இடத்தில் கூடி, கேட்காத இடத்தில் குறையலாம். பயன்படுத்தாமல் கிடக்கும் பணம் முதலில் கண்ணில் படும். அதனால் கோரிக்கையின் முதல் வரியிலேயே "47ஏ பிரிவின்படி வேரியேஷன் கேட்கிறோம், பிளானின் மற்ற பகுதிகள் தற்போதைய தேவைக்குப் பொருத்தமாகவே இருக்கின்றன" என்று எழுதுங்கள். ஏதாவது ஒரு பிரிவில் பணம் பயன்படாமல் இருந்தால் காரணத்தையும் சேர்த்துவிடுங்கள்: தெரபிஸ்ட் கிடைக்க 5 மாதம் காத்திருந்தோம், வொர்க்கர் விலகினார், மருத்துவமனையில் 7 வாரம் இருந்தார் என்பது போல. காரணம் சொல்லாத மிச்சத்தை, தேவையில்லாத பணம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆதாரம்: கோரிக்கையின் உயிர் இங்கேதான்

என்.டி.ஐ.ஏ. நோயின் பெயருக்குப் பணம் கொடுப்பதில்லை. அந்தக் குறைபாட்டால் அன்றாடம் எதைச் செய்ய முடியவில்லை, அதற்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதற்குத்தான் கொடுக்கிறது. 34-ஆம் பிரிவு கேட்பவை: அந்த உதவி அவருடைய இலக்குகளுக்கு உதவுமா, கொடுக்கும் பணத்துக்குத் தகுமா, பலன் தருமா, குடும்பம் இயல்பாகச் செய்யக்கூடியதைத் தாண்டியதா, மருத்துவத் துறையோ பள்ளியோ கொடுக்க வேண்டியதை இங்கே கேட்கிறோமா. இதோடு, 2024 அக்டோபர் 3 முதல், கேட்பது என்.டி.ஐ.எஸ். சப்போர்ட் பட்டியலுக்குள்ளும் இருக்க வேண்டும். வாடகை, மளிகை, வழக்கமான வீட்டுப் பொருள்கள் அதற்கு வெளியே.

குடும்ப மருத்துவர் கொடுக்கும் அரைப் பக்கக் கடிதம் நோயை உறுதிப்படுத்தும், அவ்வளவுதான். பட்ஜெட்டை நகர்த்துவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யும் திறனை மதிப்பிடுபவர்), ஸ்பீச் பத்தாலஜிஸ்ட், பிசியோ, சைக்காலஜிஸ்ட் ஆகியோர் எழுதும் செயல்திறன் அறிக்கை. அந்த அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அனுப்பும் முன் நீங்களே வரிவரியாகப் படியுங்கள். இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள்:

"கூடுதல் உதவி கிடைத்தால் இவருக்கு நன்மை பயக்கும்."

"குளிக்க, உடுத்த, கழிப்பறை செல்ல ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் தொட்டு உதவ வேண்டும். காலையில் 75 நிமிடம், மாலையில் 45 நிமிடம், வாரம் 7 நாளும். கடந்த 3 மாதத்தில் குளியலறையில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். கைப்பிடியும் குளியல் நாற்காலியும் பொருத்திப் பார்த்தோம். தாமாக எழ முடியாததால் ஆள் உதவி தவிர்க்க முடியாதது. இந்த உதவி இல்லையெனில் விழுந்து எலும்பு முறியும் அபாயம் உள்ளது."

முதல் வரியை வைத்து எந்தப் பிளானரும் (பிளானை முடிவு செய்யும் அதிகாரி) ஒரு மணி நேரம்கூடக் கூட்ட முடியாது. இரண்டாவதில் நாளைக்கு 2 மணி நேரம், வாரத்துக்கு 14 மணி நேரம் என்ற கணக்கு தானாகவே வந்துவிடுகிறது. நல்ல அறிக்கையில் ஐந்து விஷயங்கள் இருக்கும்: முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி, எத்தனை மணி நேர உதவி, குறைந்த செலவில் வேறு எதை முயன்று பார்த்தோம், கிடைக்காவிட்டால் என்ன ஆகும். "10 முதல் 20 மணி நேரம்" என்று வரம்பு எழுதினால் குறைந்த எண்தான் எடுக்கப்படும். ஒரே எண்ணைக் கேளுங்கள். இலக்கு ஒன்றோடு தொடர்புபடுத்தியிருப்பதும் அவசியம்.

இந்த அறிக்கைக்கும் பிளானிலிருந்தே பணம் போகிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கான விலை வரம்பு 2025-26 வரை பல ஆண்டுகளாக மணிக்கு 193.99 டாலராக இருந்தது. பார்ப்பது, கேட்பது, எழுதுவது எல்லாம் சேர்த்து 10 மணி நேரம் ஆனால் 1,939.90 டாலர். வருட ஆரம்பத்திலேயே தெரபிப் பணத்தில் இந்த அளவைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். தெரபிக்கே எல்லாம் செலவழிந்து, அறிக்கை எழுதப் பணம் இல்லாமல் அடுத்த பிளானுக்குப் போகும் குடும்பங்கள் பலவீனமான நிலையில் பேச வேண்டியிருக்கிறது. தெரபிஸ்ட் நேரம் கிடைக்கவே மாதக்கணக்காகும் இடங்கள் உண்டு என்பதால், ரீஅசெஸ்மென்ட் தேதிக்கு 5, 6 மாதம் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.

அடுத்தது பராமரிப்பவரின் அறிக்கை. இதற்குப் பட்டம் வேண்டாம், ஒரு காசு செலவும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் இதுதான் மிகவும் மென்மையாக எழுதப்படுகிறது. "எங்கள் பிள்ளை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வது நம் இயல்பு. பிளானர் அதை அப்படியே குறித்துக்கொள்வார்: குடும்ப உதவி போதுமான அளவு இருக்கிறது என்று. அன்பு குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்கப்போவதில்லை. செய்வது எது, முடியாமல் செய்வது எது, செய்ய முடியாமலேயே போனது எது என்று பிரித்து எழுதுங்கள்.

ஒரு வார அட்டவணை போடுங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை, காலை எழுவது முதல் இரவு முழுவதும். ஒவ்வொரு கட்டத்திலும் யார், என்ன செய்கிறார், எத்தனை நிமிடம். "செவ்வாய் 6.30 – 7.45: குளியல், உடை, பாட்டி" என்று இருந்த இடத்தில், "ஏப்ரல் 14 முதல் ஆளில்லை, அம்மா 6.15-க்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும்" என்று வரட்டும். இரவை விட்டுவிடாதீர்கள். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்பதை இரண்டு வாரம் தொடர்ந்து குறித்து இணையுங்கள். பாட்டியின் விமான டிக்கெட், உங்கள் முதுகுவலிக்கான மருத்துவர் கடிதம், வேலை நேரத்தைக் காட்டும் கடிதம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் அறிக்கை ஆகியவை சிறியவைதான், ஆனால் 'மாறியது' என்பதற்குத் தேதியோடு சாட்சி சொல்பவை.

பிள்ளைக்கு வயது குறைவு என்றால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: இந்த வயதுப் பிள்ளைக்கு எந்தப் பெற்றோரும் இதைச் செய்ய மாட்டார்களா? நான்கு வயதுப் பிள்ளைக்கு ஊட்டிவிடுவது பெற்றோரின் கடமை என்பார்கள்; பத்து வயதுப் பிள்ளைக்கு 50 நிமிடம் ஊட்டுவதும், விக்காமல் பார்த்துக்கொள்வதும் அப்படியல்ல. அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்ட வித்தியாசத்தை எழுதுங்கள்.

கோரிக்கையைக் கொடுப்பது

நிலைமை மாற்றத்துக்கான படிவம் என்.டி.ஐ.எஸ். இணையதளத்தில் இருக்கிறது. படிவத்தை அனுப்பலாம், 1800 800 110 என்ற எண்ணில் பேசலாம், உங்கள் லோக்கல் ஏரியா கோஆர்டினேட்டர் (உங்கள் பகுதியில் பிளானுக்கு உதவும் என்.டி.ஐ.எஸ். தொடர்பாளர்) அல்லது சப்போர்ட் கோஆர்டினேட்டர் வழியாகவும் கொடுக்கலாம். எப்படிக் கொடுத்தாலும் எழுத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். தொலைபேசியில் பேசினால் தேதி, நேரம், பேசியவரின் பெயர், ரெஃபரன்ஸ் எண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் தடையின்றிப் பேச வராதவர்கள் 131 450 என்ற டிஸ் நேஷனல் (அரசின் மொழிபெயர்ப்புச் சேவை) எண்ணை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு இணைத்து என்.டி.ஐ.எஸ்-ஐ அழைக்கச் சொல்லலாம். கட்டணம் கிடையாது. பிளான் கூட்டத்துக்கும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மா அழுதுகொண்டே சொல்வதைப் பதினான்கு வயது மகன் சுருக்கித்தான் சொல்வான், இரவு எழும் கணக்கெல்லாம் அதில் விடுபட்டுவிடும்.

யார் பேசலாம் என்பதும் முக்கியம். 18 வயது நிறைந்த நாளோடு பெற்றோர் பிள்ளையின் பிரதிநிதி என்ற நிலை முடிகிறது. அதன் பிறகு ஒப்புதல் படிவம் அல்லது நாமினி (அவர் சார்பில் செயல்படுபவர்) நியமனம் இல்லாமல் உங்களோடு பிளானைப் பற்றிப் பேச மாட்டார்கள். 17 வயதிலேயே இந்த ஏற்பாட்டைத் தொடங்குங்கள்.

நெருக்கடி என்றால் படிவத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். பராமரிப்பவர் இறந்துவிட்டார் அல்லது மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார், தங்க இடமில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் தொலைபேசியில் அழைத்து, "இது அவசரம், பாதுகாப்பு ஆபத்தில் இருக்கிறது" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது வழக்கமான வரிசையில் போய் நிற்கும்.

நிலைமை மாறினால் தெரிவிப்பது உங்கள் கடமையும்கூட, தேவை குறைந்தாலும், இழப்பீட்டுத் தொகை கிடைத்தாலும். நீண்ட நாள் ஊருக்குப் போவதும் இதில் சேரும்: வெளிநாட்டில் தற்காலிகமாக 6 வாரத்துக்கு மேல் தங்கினால், முன்கூட்டியே கூடுதல் அவகாசம் பெறாவிட்டால், பிளான் இடைநிறுத்தப்படும். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இரண்டு மாதம் போகும் திட்டம் இருந்தால் டிக்கெட் போடுமுன் பேசிவிடுங்கள்.

எத்தனை நாள்?

வேரியேஷனோ ரீஅசெஸ்மென்டோ கேட்டால், செய்வதா இல்லையா என்பதை 21 நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். கூடுதல் அவகாசம் தேவை என்றால் அதையாவது தெரிவிக்க வேண்டும். ரீஅசெஸ்மென்டுக்கு ஒப்புக்கொண்டால் 28 நாளில் முடிக்க வேண்டும். வேரியேஷனுக்கும் தகவல் கிடைத்ததிலிருந்து 28 நாள். கோட்டேஷன் தேவைப்படும் சிக்கலானவற்றுக்கு 50. இன்டர்னல் ரிவியூவுக்கு 60. நடைமுறையில் தாமதம் உண்டு. 22-ஆவது நாள் அழைத்து ரெஃபரன்ஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தாமதம் நீண்டால் என்.டி.ஐ.ஏ.விடம் புகார் பதிவு செய்யலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் காமன்வெல்த் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம்.

இடையில் திடீரென்று "சும்மா எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க" என்.டி.ஐ.எஸ். தரப்பிலிருந்து ஓர் அழைப்பு வரலாம். செக்-இன் என்பார்கள். சமையலறையில் நின்றுகொண்டு "எல்லாம் நன்றாகத்தான் போகிறது" என்று மரியாதைக்குச் சொன்ன பதிலும் பதிவாகும். "இது பிளான் கூட்டமா? அப்படியானால் மொழிபெயர்ப்பாளரும் சப்போர்ட் கோஆர்டினேட்டரும் வேண்டும், வேறு நேரம் கொடுங்கள்" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

காத்திருக்கும் காலத்தில் பட்ஜெட்டை எப்படி ஓட்டுவது? பாதுகாப்புக்கும் உடல் பராமரிப்புக்கும் முதலிடம் கொடுத்து மற்றவற்றைத் தள்ளிவையுங்கள். மணி நேரத்தைக் குறைத்து வார இறுதிக் கட்டணத்தைத் தவிருங்கள். பிளான் மேனேஜரிடம் (உங்கள் சார்பில் பில்களைக் கட்டிக் கணக்கு வைப்பவரிடம்) வாரம் ஒருமுறை மிச்சக் கணக்கைக் கேளுங்கள். என்.டி.ஐ.எஸ். இணையப் போர்ட்டலில் தெரியும் தொகையில் இன்னும் வராத இன்வாய்ஸ்கள் கழிந்திருக்காது. புதிய பணம் வந்துவிடும் என்று நம்பி, ப்ரொவைடரோடு (சேவை தருபவரோடு) கூடுதல் மணி நேரத்துக்கு ஒப்பந்தம் போடாதீர்கள். பட்ஜெட்டைத் தாண்டிப் பெற்ற சேவைக்குப் பணம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் எங்குமில்லை. ரீஅசெஸ்மென்ட் தேதி கடந்துவிட்டதே என்று மட்டும் பதற வேண்டாம். புதிய பிளான் வரும்வரை பழையது செல்லும்.

புதிய பிளான் வந்ததும்

அன்றே உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு பிரிவிலும் தொகை பழையதோடு ஒப்பிட்டால் கூடியதா குறைந்ததா, எது ஸ்டேட்டட், தவணைக் காலம் எத்தனை மாதம், நிர்வகிக்கும் முறை நீங்கள் கேட்டதுதானா, ரீஅசெஸ்மென்ட் தேதி என்ன. நிர்வாக முறை கவனிக்காமல் மாறிவிட்டால் பெரிய தலைவலி: என்.டி.ஐ.ஏ. நேரடியாக நிர்வகிக்கும் பணத்தில் பதிவு பெற்ற ப்ரொவைடர்களை மட்டுமே வைக்க முடியும். பதிவு பெறாத தமிழ் பேசும் வொர்க்கர் ஒருவரோடு பிள்ளை பழகியிருந்தால், அந்த ஒரு வரியால் அவர் வர முடியாமல் போய்விடும். பிளான் மேனேஜர் வழியாகவோ தாங்களே நிர்வகித்தோ இருந்தால் பெரும்பாலான சேவைகளுக்குப் பதிவு பெறாதவரையும் வைக்கலாம். தாங்களே நிர்வகிப்பவர்கள் ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பிறகு பிளான் மேனேஜருக்கும் எல்லா ப்ரொவைடருக்கும் புதிய பிளானின் தொடக்கத் தேதியைத் தெரிவியுங்கள். என்.டி.ஐ.ஏ. நிர்வகிக்கும் பணமென்றால் 'மை ப்ரொவைடர்ஸ்' பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்வாய்ஸ் தேங்கும். பழைய பிளான் காலத்தில் நடந்த சேவையின் இன்வாய்ஸ்களைப் பழைய பிளானிலிருந்து கோரலாம், சேவை நடந்து 2 ஆண்டுக்குள். சர்வீஸ் அக்ரிமென்டில் மணி நேரத்தைப் புதிய எண்ணுக்கு மாற்றுங்கள். பழைய ரோஸ்டர் அப்படியே தொடர்ந்து, குறைந்துபோன பட்ஜெட்டை இரண்டே மாதத்தில் தின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மறுத்துவிட்டால்

வேரியேஷன் அல்லது ரீஅசெஸ்மென்ட் செய்ய மாட்டோம் என்ற மறுப்பையும் ரிவியூ கேட்கலாம். கடிதம் வந்த தேதியைக் கடிதத்தின் மேலேயே எழுதி வையுங்கள், 3 மாதக் கணக்கு அதிலிருந்துதான். முடிவுக்கான காரணத்தை விளக்கமாகக் கேளுங்கள். 28 நாளில் கொடுக்க வேண்டும். காரணம் எந்தச் சட்ட நிபந்தனையைச் சொல்கிறது என்று பார்த்து அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 'குடும்பம் செய்யக்கூடியது' என்று மறுத்திருந்தால் இன்னொரு தெரபி அறிக்கை உதவாது, பராமரிப்பவரின் உடல்நிலை ஆதாரமும் வார அட்டவணையும்தான் உதவும். 'பணத்துக்குத் தகாது' என்றிருந்தால், மலிவான மாற்று ஏன் போதாது என்பதையும், இப்போது கொடுக்காவிட்டால் பின்னால் எவ்வளவு கூடுதல் செலவாகும் என்பதையும் தெரபிஸ்ட் எழுத வேண்டும்.

இன்டர்னல் ரிவியூவிலும் மறுத்தால், அந்த முடிவு வந்த 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2024 அக்டோபர் 14 முதல் பழைய நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் (ஏ.ஏ.டி.) இடத்தில் இருக்கும் ஏ.ஆர்.டி. இது. என்.டி.ஐ.எஸ். வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, புதிய ஆதாரம் கொடுக்கலாம். பல வழக்குகள் விசாரணைக்குப் போகாமல், இடையிலேயே நடக்கும் பேச்சுவார்த்தையில் முடிகின்றன. இன்டர்னல் ரிவியூவைத் தாண்டாமல் நேராக இங்கே போக முடியாது.

தனியாகப் போக வேண்டாம். அரசு நிதியில் இயங்கும் என்.டி.ஐ.எஸ். அப்பீல்ஸ் திட்டத்தின் அட்வகேட்டுகள் (உங்களுக்காகப் பேசி உதவுபவர்கள்) இலவசமாக உதவுகிறார்கள், தீர்ப்பாயத்திலும் உடன் வருவார்கள். அவர்களிடம் ஆள் குறைவு, காத்திருப்புப் பட்டியல் நீளம். ஆகவே இன்டர்னல் ரிவியூ கொடுத்த வாரத்திலேயே உங்கள் மாநிலத்தில் இருக்கும் அமைப்பைத் தேடிப் பெயரைப் பதிந்துவிடுங்கள். 28 நாள் தொடங்கிய பிறகு தேடினால் நேரம் போதாது.